சர்க்கரை ஏறுவதற்கு முன்னால்

லேக் கார்டன்ஸில் என் பெரியம்மா வீட்டு ஃபிரிட்ஜில், வெண்ணெய் வைக்கிற தட்டில் வெண்ணெயை நான் பார்த்ததே கிடையாது. இன்சுலின் பேனாக்கள்தான் இருக்கும். ஒன்று பெரியப்பாவுடையது, ஒன்று பெரியம்மாவுடையது, இன்னொன்று அண்ணனுடையது. காலை ஏழரை மணிக்கு ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்வார்கள். பட்ஜ் பட்ஜ் போகிற ரயிலின் சத்தத்தில் பேச்சு ஒரு நிமிடம் நிற்கும். பிறகு இட்லி வரும்.

பெரியப்பாவின் அப்பா சுதந்திரத்துக்கு முன்பே கும்பகோணத்துப் பக்கமிருந்து கல்கத்தாவுக்கு ஸ்டெனோ வேலைக்கு வந்தவர். லேக் மார்க்கெட்டைச் சுற்றிக் குடியேறிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் அதுவும் ஒன்று. அவருக்குச் சர்க்கரை வந்தது 62 வயதில். பெரியப்பாவுக்கு 47 வயதில். அண்ணனுக்கு 36இல். போன பூஜை விடுமுறைக்குப் போயிருந்தபோது அண்ணன் மகளின் பின்கழுத்தைக் கவனித்தேன். அவளுக்கு வயது 14. கழுத்து மடிப்பில் கருப்பாக, தொட்டால் வெல்வெட் துணி போல இருக்கும் ஒரு தடித்த படலம். “எத்தனை சொன்னாலும் தேய்த்துக் குளிப்பதில்லை” என்று அண்ணி குறைப்பட்டுக்கொண்டார். பயத்தமாவு, எலுமிச்சை, எதிர் ஃபிளாட் பெண்மணி சொன்ன பச்சை மஞ்சள், கடைசியில் யாரோ பரிந்துரைத்த வெளுப்பு க்ரீம் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. குழந்தைக்குத் தோல் புண்ணானதுதான் மிச்சம். பள்ளிக்குத் துப்பட்டா சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்திருந்தாள்.

அது அழுக்கு இல்லை. மருத்துவத்தில் அதற்கு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்று பெயர். ரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மிஞ்சி ஓடும்போது, அது தோல் செல்களின் மேலுள்ள வளர்ச்சிக் காரணிகளின் ஏற்பிகளையும் தட்டி எழுப்பிவிடுகிறது. செல்கள் தேவையில்லாமல் பெருகித் தோல் தடிக்கிறது, கருக்கிறது. கழுத்தும் அக்குளும் அதற்குப் பிடித்த இடங்கள். அந்தப் பெண்ணின் வெறும்வயிற்றுச் சர்க்கரை அப்போது முற்றிலும் இயல்பாகத்தான் இருந்தது. சர்க்கரை இன்னும் வாயே திறக்கவில்லை, அதற்குள் இன்சுலின் அவள் கழுத்தில் எழுதிவிட்டது.

சர்க்கரை வியாதி என்றால் இன்சுலின் குறைவு என்றுதான் நாம் நினைக்கிறோம். மருத்துவ உலகமும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தது. 1950களின் இறுதியில் நியூயார்க்கின் பிராங்க்ஸில் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் என்ற இருவர், ரத்தத்தில் இருக்கும் மிக நுண்ணிய அளவு இன்சுலினைக்கூட அளக்கும் கதிரியக்க முறை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதற்காக யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் அதற்கு முன்பே இறந்துவிட்டார். அந்த முறையால் நடுவயதில் சர்க்கரை வந்தவர்களின் ரத்தத்தை அளந்தபோது, பலரிடம் இன்சுலின் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. இல்லாமையால் வந்த நோய் என்று எண்ணியிருந்த இடத்தில் பெருக்கம் தெரிந்தது.

காது மந்தமான தாத்தா இருக்கும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் பாட்டி கொஞ்சம் உரக்கப் பேசுவாள். காது இன்னும் மந்தமானால் இன்னும் உரக்கப் பேசுவாள். தாத்தாவுக்குக் காபி நேரத்துக்குக் கிடைக்கும், மாத்திரை கிடைக்கும், வீடு வழக்கம்போல நடக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு குறையும் தெரியாது. பாட்டியின் தொண்டை கட்டிப்போகும் நாளில்தான் எல்லாம் குலையும். தசை, ஈரல், கொழுப்பு ஆகியவை காது மந்தமான தாத்தா. கணையத்தின் பீட்டா செல்கள் பாட்டி. இன்சுலின் அவள் குரல். நாம் ஆய்வகத்தில் அளக்கும் வெறும்வயிற்றுச் சர்க்கரை, காபி வந்ததா என்று மட்டும் பார்க்கிறது. பாட்டி எத்தனை வருடமாகக் கத்திக்கொண்டிருக்கிறாள் என்பதை அது சொல்லாது.

எத்தனை வருடம்? பாஸ்டனில் உள்ள ஜாஸ்லின் மையத்தில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. தாய், தந்தை இருவருக்குமே சர்க்கரை இருந்த 155 பேரை, அவர்களுக்குச் சர்க்கரை இல்லாதபோதே பரிசோதித்து, பிறகு பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். 1990இல் வெளியான முடிவு இது: பிற்காலத்தில் நோய் வந்தவர்களின் உடல், நோய் தெரிவதற்கு 10 முதல் 20 ஆண்டுகளுக்கு முன்பே குளுகோஸை மெதுவாகத்தான் ரத்தத்திலிருந்து அகற்றிக்கொண்டிருந்தது. அதை ஈடுகட்ட இன்சுலின் கூடுதலாகச் சுரந்துகொண்டிருந்தது. லண்டன் அரசு ஊழியர்களைப் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வு 2009இல் இன்னொரு பகுதியைக் காட்டியது. நோய் தெரிவதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் முன்புவரை பீட்டா செல்கள் இன்னும் மும்முரமாக உழைக்கின்றன, பிறகு சட்டென்று தளர்கின்றன. சர்க்கரை வேகமாக ஏறுவது அந்தக் கடைசி மூன்று ஆண்டுகளில்தான். நோய் என்று எழுதித் தரும் நாளில் பீட்டா செல்களின் திறனில் ஏறத்தாழ பாதி போயிருக்கும் என்று பிரிட்டனின் பெரிய நீரிழிவு ஆய்வு கணித்தது.

பெற்றோர் இருவருக்கும் சர்க்கரை இருந்தால் பிள்ளைகளுக்கு என்ன ஆகும் என்று நம் ஊரில் அதற்கு முன்பே பார்த்தவர்கள் சென்னையில் இருந்தார்கள். 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்று தனிப்பிரிவு தொடங்கி, 1954இல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையே அமைத்த டாக்டர் எம். விஸ்வநாதனும் அவர் குழுவினரும் 1985இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெற்றோர் இருவருக்கும் சர்க்கரை உள்ள குடும்பங்களின் பிள்ளைகளை அழைத்துப் பரிசோதித்தபோது பாதிப் பேருக்கு ஏற்கெனவே நோய் இருந்தது. பின்னாளில் சென்னை நகர மக்களிடையே டாக்டர் வி. மோகன் குழு செய்த ஆய்வில், நீரிழிவோ அதற்கு முந்தைய நிலையோ இருந்தவர்கள், பெற்றோரில் எவருக்கும் இல்லாதவர்களிடம் 15.6 சதவீதம், ஒருவருக்கு இருந்தவர்களிடம் 22.1 சதவீதம், இருவருக்கும் இருந்தவர்களிடம் 55 சதவீதம்.

கல்கத்தாவுக்கு இந்த நோயோடு இன்னும் பழைய உறவு. 1907இல் இங்கிலாந்தில் நடந்த பிரிட்டிஷ் மருத்துவச் சங்கக் கூட்டத்தில் வெப்ப நாடுகளில் நீரிழிவு என்ற பொருளைப் பேசியபோது, விவாதம் பெரிதும் வங்காளத்தின் படித்த, உட்கார்ந்து வேலை பார்க்கும் வகுப்பைச் சுற்றித்தான் நடந்தது. குமாஸ்தா, வக்கீல், நீதிபதி. பெரியப்பாவின் அப்பா போன்ற ஸ்டெனோக்கள் வந்து சேர்ந்ததும் அதே நாற்காலிகளுக்குத்தான்.

ஆனால் நாற்காலியில் வெள்ளைக்காரனும்தானே உட்கார்ந்தான்? இங்கேதான் விஷயம் ஆழமாகிறது. 1986இல் மோகனும் லண்டன் மருத்துவர்களும் இந்தியர்களுக்கும் ஐரோப்பியர்களுக்கும் ஒரே அளவு குளுகோஸ் கொடுத்து இன்சுலினை அளந்தார்கள். நோய் இல்லாத இந்தியர்களிடமும் இன்சுலின் கூடுதலாகவே சுரந்தது. நம் பாட்டிமார்கள் முதலிலிருந்தே உரக்கப் பேசுகிறவர்கள். காரணம் தேடிய புனே மருத்துவர் சி.எஸ். யாஜ்னிக், 2004இல் தன்னையும் லண்டன் நண்பர் ஜான் யட்கினையும் பக்கத்தில் நிறுத்தி எடுத்த ஒரு படத்தை லான்செட் இதழில் வெளியிட்டார். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே: 22.3. யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம். யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரிகிற இந்தியனின் சட்டைக்குள் இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பு.

அது வளர்ந்தபின் சேர்ந்ததும் இல்லை. புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளையும் யாஜ்னிக் ஒப்பிட்டார். நம் குழந்தைகள் சராசரி 2.7 கிலோ, அவர்கள் 3.5 கிலோ. தசை, உறுப்புகள், எல்லாம் நம் குழந்தைகளுக்குச் சிறுத்திருந்தன, தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவு குறையவில்லை. எடை குறைந்த புனேக் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் இன்சுலின் கூடுதலாக இருந்தது. பிறந்த அன்றே கூடுதல்! முதன்முறை இதைப் படித்தபோது அண்ணன் மகளின் கழுத்துதான் எனக்குக் கண்முன் வந்தது. 14 வருடத் தவறை அண்ணி தேய்த்துக்கொண்டிருக்கவில்லை. தலைமுறைகளின் சேதி ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

இன்சுலின் தவிர வேறு தூதர்களும் உண்டு. கொழுப்பு என்பது மூட்டை கட்டி வைத்த நெய் அல்ல, அதுவும் ஹார்மோன் சுரக்கும் உறுப்பு என்று 1994இல் லெப்டின் கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் உறுதியானது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அடிபோனெக்டின் வந்தது. இது கொஞ்சம் வினோதமான ஹார்மோன். கொழுப்புச் செல்கள்தான் இதைச் சுரக்கின்றன, ஆனால் கொழுப்பு, முக்கியமாகத் தொப்பைக் கொழுப்பு, கூடக் கூட இது குறைகிறது. தாத்தாவின் காதைத் தீட்டுகிற மருந்து போன்றது இது. ஈரலும் தசையும் இன்சுலினுக்குச் செவிசாய்க்க உதவுவது. சென்னையில் சி. ஸ்நேகலதா, ஏ. ராமச்சந்திரன் குழு 2003இல் காட்டியது: அடிபோனெக்டின் குறைவாக இருப்பது, உடல் பருமன் போன்ற மற்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும், பிற்காலத்தில் சர்க்கரை வருவதை முன்கூட்டிச் சொல்கிறது. அமெரிக்காவின் பீமா பழங்குடியினரிடமும் இதே முடிவு கிடைத்தது. பெண்களிடம் இன்னொரு அடையாளம் உண்டு. இன்சுலின் மிகும்போது, பாலின ஹார்மோன்களைச் சுமந்து செல்லும் ஒரு புரதம் குறைகிறது. மாதவிலக்கு தள்ளிப்போவது, முகத்தில் ரோமம், சினைப்பை நீர்க்கட்டி என்று பெண்கள் மகப்பேறு மருத்துவரிடம் போய் நிற்கும் கதைகள் பலவற்றின் பின்னால் இந்த இன்சுலின் கூச்சல் இருக்கிறது. அந்த வீட்டில் சர்க்கரை இருக்கிறதா என்று அப்போதே கேட்க வேண்டும்.

ஈரல் அனுப்பும் தூது பற்றிய பெரிய கண்டுபிடிப்பு வங்காளத்திலிருந்தே வந்தது. ஃபெட்யூயின்-ஏ என்ற புரதத்தை 1944இல் கன்றின் கருவில் கண்டெடுத்தார்கள், பெயரும் கருவிலிருந்துதான் வந்தது. ஈரல் இதைச் சுரக்கிறது. ஈரலில் கொழுப்பு படியும்போது அதிகமாகச் சுரக்கிறது. ஒரு கேள்வி வெகுநாள் விடையில்லாமல் இருந்தது: நெய், பாமாயில் போன்றவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு ரத்தத்தில் அதிகமானால் இன்சுலினின் குரல் எடுபடாமல் போகிறது. கிருமியை மோப்பம் பிடிக்கும் டி.எல்.ஆர்-4 என்ற காவல் ஏற்பி இதில் சம்பந்தப்பட்டிருப்பது தெரியும். ஆனால் கொழுப்பமிலம் அந்த ஏற்பியில் நேராக ஒட்டுவதில்லை. அப்படியானால் நடுவில் யார்? சாந்திநிகேதனின் விஸ்வபாரதியில் சமீர் பட்டாச்சார்யா குழுவும், ஊர்க்காரர்கள் பி.ஜி. என்று சொல்லும் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையின் சதிநாத் முகோபாத்யாயும் மற்றவர்களும் சேர்ந்து 2012இல் நேச்சர் மெடிசின் இதழில் விடை சொன்னார்கள். நடுவில் நின்று கையைப் பிடித்துக் கொடுப்பது ஃபெட்யூயின்-ஏ. அந்தப் புரதத்தைக் குறைத்த எலிகளில் கொழுப்பு அதே தீங்கைச் செய்யவில்லை. லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு ஈரலில் கொழுப்பு என்று ஸ்கேன் ரிப்போர்ட் வந்தபோது, “எல்லாருக்கும்தான் இருக்கு” என்று பெரியப்பா அதை மடித்து அலமாரியில் வைத்தார். அது மடித்து வைக்கக்கூடிய காகிதம் இல்லை.

இவ்வளவும் ரத்தத்தோடு வருவதா, வீட்டோடு வருவதா? இரண்டும்தான். 2006இல் ஐஸ்லாந்தில் டி.சி.எஃப்.7.எல்.2 என்ற மரபணுவில் ஒரு மாறுபாடு கிடைத்தது. இந்தியர்களிடமும் அது நோயோடு தொடர்புள்ளது என்று அடுத்த ஆண்டே தெரிந்தது. அது காதைக் கெடுப்பதில்லை, பெரும்பாலும் தொண்டையைத்தான் பலவீனமாக்குகிறது, அதாவது பீட்டா செல்லை. ஆனால் பீமா மக்களிடம் நடந்த இன்னொரு ஆய்வு எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. ஒரே தாய்க்குப் பிறந்த பிள்ளைகளில், தாய்க்குச் சர்க்கரை வருவதற்கு முன் பிறந்தவர்களைவிட, வந்த பின் பிறந்தவர்களுக்கு நோய் வாய்ப்பு மிக அதிகமாக இருந்தது. ஒரே பெற்றோர், ஒரே வீடு. மாறியது கருப்பைக்குள் ஓடிய சர்க்கரை மட்டும். கர்ப்பகாலச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது பிறக்கப்போகிற தலைமுறைக்குச் செய்யும் சிகிச்சை என்று சென்னை டாக்டர் வி. சேஷையா பல்லாண்டுகள் வற்புறுத்தியதற்கு இதுதான் அடிப்படை.

இந்த இடத்தில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அடிபோனெக்டின், ஃபெட்யூயின், லெப்டின் எல்லாம் நோய் எப்படி வருகிறது என்று விளக்கும் அருமையான அறிவு. தனி ஒருவருக்கு முடிவு சொல்லும் சோதனைகளாக அவை இன்னும் ஆகவில்லை. ‘முழு உடல் பரிசோதனை’ பட்டியலில் வெறும்வயிற்று இன்சுலின் என்று ஒரு வரி சேர்த்துக் காசு வாங்குகிறார்கள். ஆய்வகத்துக்கு ஆய்வகம் அந்த எண் மாறும். எது இயல்பு என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட எல்லையும் இல்லை. அந்தப் பணத்தில் 75 கிராம் குளுகோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்ப்பது எவ்வளவோ மேல். 140க்குக் கீழே இயல்பு, 140 முதல் 199 வரை எச்சரிக்கை, 200 எட்டினால் நீரிழிவு. நம்மவர்களில் பலருக்கு வெறும்வயிற்று எண் நன்றாக இருக்கும், இந்த இரண்டு மணி நேர எண்தான் காட்டிக்கொடுக்கும். அண்ணன் மகளுக்கும் அப்படித்தான். அவளைப் பார்த்த டாக்டர் கழுத்தைப் பார்த்தார், வீட்டில் யார் யாருக்கு எத்தனை வயதில் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார், பிறகுதான் சோதனை எழுதினார். வெறும்வயிற்றில் 91. இரண்டு மணி நேரத்தில் 148.

இந்த விஷயத்தில் ஊசியே தேவைப்படாத சோதனை ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. சென்னையில் மோகன் குழு 2005இல் உருவாக்கிய இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண், பெரியவர்களுக்கு. மொத்தம் 100. வயது 35 முதல் 49 என்றால் 20, 50ஐ எட்டினால் 30. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் 10, இருவருக்கும் என்றால் 20. இடுப்புச் சுற்றளவுக்கு அதிகபட்சம் 20. பெண்களுக்கு 80 சென்டிமீட்டரிலும் ஆண்களுக்கு 90இலும் எண்ணிக்கை தொடங்குகிறது. உடற்பயிற்சியே இல்லாமல் உட்கார்ந்த வேலை மட்டும் என்றால் 30. கூட்டி 60ஐத் தொட்டால் அதிக அபாயம்.

பெரியம்மா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நாங்கள் இதைப் போட்டுப் பார்த்தோம். அப்போது எனக்கு ஒன்று உறைத்தது. மாற்ற முடியாதவை வயதும் பெற்றோரும். 50ஐத் தாண்டிய, அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை உள்ள ஒருவருக்கு அவை இரண்டும் சேர்ந்து 50தான். பிறப்பும் வயதும் மட்டுமே ஒருவரை 60க்குக் கொண்டுபோய் விடுவதில்லை. மிச்சத்தை இடுப்பும் நாற்காலியும்தான் போடுகின்றன. “எங்க பரம்பரைக்கே இது, என்ன செய்ய முடியும்” என்று அந்த மேஜையில் முப்பது வருடமாகக் கேட்ட வாக்கியத்துக்கு இந்தக் கூட்டல் கணக்கு பதில் சொல்லிவிட்டது.

ராமச்சந்திரன் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் 2006இல் இதைச் செய்தே காட்டியது. எச்சரிக்கை நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் ஒழுங்காகக் கண்காணித்தவர்களில் 39.3 சதவீதம். தப்பியவர்கள் யாரும் புதிய மரபணு வாங்கிக்கொண்டு வந்தவர்கள் இல்லை.

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ரவீந்திர சரோவர் இருக்கிறது. கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் 1920களில் சதுப்பு நிலத்தில் வெட்டிய ஏரி. லேக் கார்டன்ஸுக்கும் லேக் மார்க்கெட்டுக்கும் பெயர் கொடுத்ததும் அதுதான். இப்போது அண்ணனும் மகளும் காலையில் அங்கே நடக்கிறார்கள். தசை வேலை செய்யும்போது இன்சுலின் கூப்பிடாமலே குளுகோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும் தனி வழி ஒன்று அதற்கு உண்டு. பாட்டி அந்த நேரத்தில் கத்த வேண்டியதில்லை. அண்ணி பயத்தமாவை நிறுத்திவிட்டார். துப்பட்டாவைப் பற்றியும் அவளிடம் யாரும் பேசுவதில்லை.

30 வயதானவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரை பார்க்கிறார்கள். சர்க்கரை உள்ள குடும்பத்தில் பிறந்த பிள்ளை 30 வரை காத்திருக்க வேண்டியதில்லை. எடை கூடியிருந்தாலோ கழுத்து கருத்திருந்தாலோ பத்து வயதிலேயே பார்க்கலாம். அடுத்த முறை கல்யாணத்திலோ திவசத்திலோ உறவுகள் கூடும்போது ஒரு தாள் எடுத்து, உங்கள் வீட்டில் யார் யாருக்குச் சர்க்கரை வந்தது, எத்தனை வயதில் வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாளை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.